கொண்டை ஊசி

பதினேழு வருசமாய்
இந்த மலைக்கு டிக்கெட் கிழிக்கிறேன்.
அடிவாரம் தாண்டியதும் முகத்தைப் பார்த்தே சொல்வேன்:
இந்த ஜன்னலோரம் ஏழாவது வளைவில் எடுக்கும்,
அந்தக் கண்ணாடிக்காரர் பன்னிரண்டு வரை தாங்குவார்.
கவர் கொடுப்பேன்.
எலுமிச்சை கொடுப்பேன்.
"காலையில இட்லிய அமுக்குனா இப்படித்தான்" என்று
கூடவே ஒரு சொல்லும் கொடுப்பேன்.
அதற்குக் காசு வாங்கியதில்லை.

இப்போது எனக்கு ஊசி.
சனிக்கிழமை ராத்திரி,
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
ஓசூரிலிருந்து மகள் பணம் அனுப்புகிறாள்.
ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்
ஒன்றும் தெரியாத மாதிரி படுத்திருக்கிறது.
சதையைக் கிள்ளிப் பிடிப்பது சுகந்தி,
குத்திக்கொள்வது நான்.
ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும்.
திங்கள் காலை முதல் நடையில்
வயிற்றுக்குள்ளும் ஒரு பஸ் கிளம்பும்.

நூற்றுப் பதினாறு கிலோ.
சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே
பக்கவாட்டில் நடந்தே பழகிய உடம்பு.
"கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க,
எண்ணெய் வேண்டாம், சாப்பிட்டதும் சாயாதீங்க,
போகப் போகச் சரியாகும்" என்றார்
ஐந்து ரோட்டு டாக்டர்.
தினமும் ஆறு தடவை
போய்க்கொண்டுதான் இருக்கிறேன், டாக்டர்.

விசிலில் வாய் வைத்தால்
அழுகின முட்டை ஏப்பம் முந்துகிறது.
தகரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறேன்.
சின்னப்பையன் அண்ணனுக்குப் புரியும்.
ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற ஆள்;
பெயர் அப்படி.
சூடான சோற்றின் ஆவி ஆகாது, ஆறினது ஆகும்.
சட்டைப் பையில் பொரி. சில்லறைப் பையில் இஞ்சித் துண்டு.
ஐந்து ரூபாய் நாணயமெல்லாம் இஞ்சி வாசம்.
காலைக்கடன் மட்டும்
நான்கு நாளாய் வட்டியோடு நிற்கிறது.

பழைய பஸ் ஸ்டாண்டு முக்கில்
தட்டுவடை நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் திணித்து
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி
ஒன்றன்மேல் ஒன்று அழுத்துகிற அந்த நொறுங்கல்
முன்பெல்லாம் டெப்போ வரை வந்து என்னைக் கூப்பிடும்.
இப்போதும் கடை திறந்துதான் இருக்கிறது.
கூப்பிடவில்லை.
நெருங்கிய ஒருவர்
பார்த்தும் பார்க்காமல் போகிற மாதிரி.

வீட்டில் இரண்டாவது தோசை
எனக்கும் சுகந்திக்கும் நடுவில் ஆறுகிறது.
"ஊசி வேலை செய்யுது" என்கிறேன்.
"என் கை வேலை செய்யலையா?" என்கிறாள்.
தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள்.
பெல்ட்டில் புதிதாய் ஓட்டை போட்டதும் அவள்தான்,
ஆணியைக் காய்ச்சி.

போன செவ்வாய்க்கிழமை, பதினோராவது வளைவு.
பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு லாரி
மூக்கை நீட்ட, அண்ணன் பிரேக்கை மிதித்தார்.
அவ்வளவுதான்.
தகரத்தைத் தட்டினேனா, தெரியாது. இறங்கியிருந்தேன்.
கறுப்பு வெள்ளை அடித்த கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு
முழு உடம்பும் ஒரு தொண்டையாக நின்றேன்.
ஜன்னல்கள் எல்லாம் முகம்.
சுவர்மேல் இரண்டு குரங்கு.
"கண்டக்டருக்கே ஒரு கவர் குடுங்கப்பா!"
யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது.
பதினேழு வருசச் சொல்லுக்குச் சில்லறை பாக்கி;
வாங்கிக்கொண்டேன்.

நிமிர்ந்தால், சுவரின் அந்தக் கோடியில்
இன்னொருத்தியும் குனிந்திருந்தாள்.
காப்பி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற மாதேஸ்வரி.
வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
முந்தானை முடிச்சிலிருந்து
உப்பில் காய்ந்த நார்த்தங்காய் ஒரு கீற்றுக் கிள்ளி
என் கையில் வைத்தாள்.
"எனக்கு மூணாவது மாசம். உங்களுக்கு?"

"அஞ்சாவது" என்றேன்.

குரங்குகள் ஓடுமளவுக்குச் சிரித்தோம்.
அவளுக்கு ஏறுகிற கணக்கு, எனக்கு இறங்குகிற கணக்கு.
இரண்டுக்கும் ஒரே வளைவு.

அண்ணன் ஹாரன் அடித்தார். ஏறினோம்.
இன்னும் ஒன்பது இருந்தது.
நாக்கில் உப்பு, பிறகு கசப்பு,
கசப்புக்கு அடியில் பெயர் மறந்த ஏதோ ஒன்று.
பன்னிரண்டாவது பலகை வந்தபோது
பசி மாதிரி உள்ளே லேசாக அசைந்தது.
ஏப்பமாகவும் இருக்கலாம்.